மாளிகைமேடும் சோழகங்கமும்: அரண்மனை நிலவமைவை மரபுரிமையாகக் காத்தல்

ஆய்வுச் சுருக்கம்

முதலாம் இராசேந்திர சோழன் நிறுவிய கங்கைகொண்ட சோழபுரத்தில் இன்று வருவோர் காண்பது பெருவுடையார் கோயிலை மட்டுமே. அக்கோயில் உலக மரபுரிமைச் சின்னமாகப் போற்றப்படுகிறது. அந்நகரின் நடுவாக விளங்கிய அரண்மனையோ மாளிகைமேடு என்னும் மண்மேடாக எஞ்சியுள்ளது. நகருக்கு நீர் தந்த சோழகங்கம் என்னும் பேரேரி சுருங்கிய நிலையில் பொன்னேரி என வழங்குகிறது. அரண்மனை என்பது தனிக் கட்டடம் அன்று. மதில், தெரு, ஏரி, கால்வாய், சோலை ஆகியவை இணைந்த நிலவமைவு என்பதைத் தமிழ் இலக்கியச் சான்றுகளும் கல்வெட்டுகளும் அகழாய்வுகளும் காட்டுகின்றன. கட்டடத்தை மட்டும் காக்கும் சட்ட முறை இந்நிலவமைவைக் காக்கப் போதுமானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் படுகையின் தெற்குப் பகுதியோடு இத்தலைநகரப் பகுதி கொண்டுள்ள நெருக்கம் இவ்வினாவை மேலும் இன்றியமையாததாக்குகிறது.

திறவுச் சொற்கள்: கங்கைகொண்ட சோழபுரம், மாளிகைமேடு, சோழகங்கம், அரண்மனை, பண்பாட்டு நிலவமைவு, மரபுரிமைப் பாதுகாப்பு, நெய்வேலி

முன்னுரை

நெய்வேலி நகரியத்திலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் கங்கைகொண்ட சோழபுரம் உள்ளது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லையாக அமைந்த இந்நிலப்பகுதியில், கி.பி. 11ஆம் நூற்றாண்டின் முதற்கால் பகுதியில் முதலாம் இராசேந்திரன் (கி.பி. 1012 - 1044) புதிய தலைநகரை உருவாக்கினான். தஞ்சையை விட்டு இங்குப் பெயர்ந்த சோழர் ஆட்சி, அம்மரபின் இறுதி மன்னனான மூன்றாம் இராசேந்திரன் காலம் வரை, அதாவது ஏறத்தாழ 250 ஆண்டுகள், இந்நகரையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது.

இவ்வளவு நீண்ட காலம் ஒரு பேரரசின் தலைமையிடமாக விளங்கிய ஊரில் அரண்மனை எங்கே என்னும் வினா இயல்பாக எழுகிறது. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலும், தஞ்சையில் நாயக்கர், மராட்டியர் கால அரண்மனையும், பத்மநாபபுரத்தில் வேணாட்டு மன்னர்களின் மர அரண்மனையும் நின்று நிலவுகின்றன. சோழர் அரண்மனை ஒன்றுகூட முழுமையாக எஞ்சவில்லை. பழையாறைக்கு அருகே சோழன்மாளிகை என்னும் ஊர்ப்பெயரும், கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அருகே மாளிகைமேடு என்னும் இடப்பெயருமே அவற்றின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. கண்ணுக்குப் புலப்படும் கட்டடம் இல்லாத இடத்தில் எதைக் காப்பது, எவ்வாறு காப்பது என்பதே இக்கட்டுரையின் மையச் சிக்கலாகும்.

தமிழ் மரபில் அரண்மனையும் சோலையும்

அரண்மனையைச் சுற்றுப்புறத்தோடு இணைத்துக் காணும் பார்வை தமிழ் இலக்கியத்தில் தொன்மையானது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரண்மனைக்கு மனை வகுக்கும் முறையை விரிவாக எடுத்துரைக்கிறது. நண்பகலில் நடப்பட்ட கோல்களின் நிழலைக் கொண்டு திசை அறிதல், நூலிட்டு அளத்தல், பின்னர் வாயிலும் வளாகமும் வகுத்தல் என அவ்வருணனை படிப்படியாக வளர்கிறது. உயர்ந்த வாயிலைக் கடந்தபின் மணல் பரப்பிய முற்றம், அங்கே உலவும் விலங்குகள், பறவைகள், கூரையிலிருந்து நீர் விழும் ஓசை ஆகியவை இடம்பெறுகின்றன. சுவரும் தூணும் பெறும் கவனத்தை நீரும் மணலும் உயிரினங்களும் பெறுவதை இங்குக் காணலாம்.

புகார் நகரின் சோலைகளை அடுக்கிக் கூறும் மணிமேகலை, மன்னனுக்குரிய இலவந்திகைச் சோலையை மதிலுடையதாகக் குறிப்பிடுகிறது. உய்யானம், உவவனம் முதலிய பிற சோலைகளும் அவ்விடத்தே சுட்டப்படுகின்றன. பாண்டிய மன்னன் ஒருவன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் எனப் பெயர் பெற்றமையால், நீர்நிலையோடு கூடிய அரச சோலை அரச வாழ்வின் உறுப்பாகவே இருந்தது எனக் கொள்ளலாம். இடைக்காலக் கல்வெட்டுகளில் நந்தவனத்திற்கு நிலம் விடப்பட்ட செய்திகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் கோயில் சார்ந்தவை. எனினும் சோலையைப் பேணுவதற்கு நிலம், நீர், ஆள் ஆகிய மூன்றும் தேவை என்னும் நடைமுறை அறிவை அவை காட்டுகின்றன. இவ்வறிவு இன்றைய பாதுகாப்புக் கொள்கைக்கும் பொருந்துவதாகும்.

மாளிகைமேடு தரும் சான்றுகள்

பெருவுடையார் கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில், உட்கோட்டை என்னும் ஊரை ஒட்டி மாளிகைமேடு அமைந்துள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980களில் பல பருவங்களாக இங்கு அகழாய்வு மேற்கொண்டது. 2021 முதல் மீண்டும் அகழாய்வுகள் நிகழ்ந்தன. சுட்ட செங்கற் சுவர்கள், சிறிய தட்டையான கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், பற்றுக்கம்பிகள், சீன மட்கலத் துண்டுகள் முதலியன வெளிப்பட்டன. கருங்கல்லாலான தூண் அடித்தளங்கள் சில தம் இடத்திலேயே காணப்பட்டன. அவற்றின் மீது மரத்தூண்கள் நின்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. எனவே கல் அடித்தளம், செங்கற் சுவர், மரத்தூண், ஓட்டுக்கூரை என்பதே இவ்வரண்மனையின் கட்டுமான முறை எனத் தெளியலாம்.

கல்வெட்டுகள் இச்சான்றுகளுக்கு உயிரூட்டுகின்றன. வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு ஒன்று இங்கிருந்த அரண்மனையைச் சோழகேரளன் திருமாளிகை எனக் குறிக்கிறது. அதன் கீழ்நிலை, கிழக்குப் புறப் படிக்கட்டு, மாவலி வாணாதிராசன் என்னும் பெயருடைய இருக்கை ஆகியவையும் அதில் சுட்டப்படுகின்றன. கீழ்நிலை தனித்துக் கூறப்படுவதால் அரண்மனை ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளை உடையதாக இருந்தது என உய்த்துணரலாம். முதலாம் குலோத்துங்கனின் 49ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கங்கைகொண்டசோழ மாளிகை என்னும் மற்றொரு பெயரைத் தருகிறது. இதனால் தனித்தனிப் பெயர்களுடன் பல மாளிகைகள் இவ்வளாகத்தில் இருந்திருக்கக்கூடும்.

நகரின் நடுவும் விளிம்பும்

கங்கைகொண்ட சோழபுரம் பற்றி 1970இல் நூல் எழுதிய இரா. நாகசாமி, அரண்மனையை நடுவாகக் கொண்டே நகரம் திட்டமிடப்பட்டது எனக் கருதுகிறார். அவ்வாறு கொள்ளும்போது சிவன் கோயில் அரண்மனைக்கு வடகிழக்காகிய ஈசானத் திசையில் அமைகிறது. திருமால் கோயில் மேற்குத் திசையில் அமைகிறது. இன்று கோயிலே ஊரின் நடுவாகவும் மாளிகைமேடு ஒதுக்குப்புறமாகவும் தோன்றுகின்றன. நகரம் வகுக்கப்பட்டபோதோ நிலை நேர்மாறாக இருந்தது. இக்கருத்து பாதுகாப்புக் குறித்த சிந்தனைக்கு அடிப்படையாக அமைகிறது. கோயிலின் இருப்பிடமே அரண்மனையைச் சார்ந்து பொருள் பெறுகிறது என்றால், அரண்மனை மேட்டை இழந்த கோயில் தன் பொருளின் ஒரு பகுதியை இழந்ததாகும்.

நகரைச் சூழ்ந்த மதில்கள், இராசராசன் பெருந்தெரு, இராசேந்திரன் பெருந்தெரு போன்ற தெருக்கள், வேம்புகுடி வாயில் போன்ற வாயில்கள், மதுராந்தக வடவாறு முதலிய நீர்வழிகள் ஆகியவை கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றன. இராசேந்திரசோழன் மதில் என வெளிமதில் வழங்கியது. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், தொட்டிகுளம் முதலிய இன்றைய ஊர்ப்பெயர்கள் அக்காலப் படை, காவல், குடியிருப்பு அமைப்புகளின் எச்சங்களாகக் கருதப்படுகின்றன. வயலாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்ட நிலத்தின் மீது பழைய நகரின் வரைபடம் ஊர்ப்பெயர்களாக இன்றும் படிக்கத்தக்கதாய் உள்ளது.

சோழகங்கம்: நீராலான வெற்றித்தூண்

கங்கைச் சமவெளி வரை சென்ற படையெடுப்பின் நினைவாக இராசேந்திரன் சோழகங்கம் என்னும் ஏரியை வெட்டுவித்தான். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இதனை நீர்மயமான வெற்றித்தூண் என்னும் பொருள்பட வருணிக்கின்றன. கல்லில் வெற்றித்தூண் நாட்டும் வழக்கத்திற்கு மாற்றாக ஏரியே நினைவுச்சின்னமாக்கப்பட்டது. ஆகவே சோழகங்கத்தை வெறும் பாசன ஏரி எனக் கொள்ள இயலாது. அதை உருவாக்கியவர்களே அதனை நினைவுச்சின்னமாகக் கருதினர்.

1855இல் வெளிவந்த சென்னை மாகாண விவரத் தொகுப்பு ஒன்று, இவ்வேரியின் கரை வடக்குத் தெற்காக 16 மைல், அதாவது ஏறத்தாழ 25 கிலோமீட்டர், நீண்டதாகக் குறிப்பிடுகிறது. கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் நீண்ட கால்வாய் ஒன்று தென்முனையிலும், வெள்ளாற்றிலிருந்து சிறிய கால்வாய் ஒன்று வடமுனையிலும் ஏரிக்கு நீர் கொணர்ந்தன என்றும், அவற்றின் தடங்கள் அப்போதும் காணப்பட்டன என்றும் அது கூறுகிறது. ஏரியின் உட்பகுதி அக்காலத்தில் காடு மண்டிக் கிடந்தது. இரண்டு ஆறுகளை ஓர் ஏரியில் இணைத்த இவ்வமைப்பு, கிழக்கே முதலாம் பராந்தகன் காலத்தில் உருவான வீரநாராயண ஏரியோடு, அதாவது வீராணத்தோடு, சேர்த்துக் காணத்தக்கது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் சோழர்களின் நீர் மேலாண்மையால் வடிவமைக்கப்பட்டது என்பது இதனால் புலனாகிறது.

கோயில் நிலைக்க, அரண்மனை அழிந்தமை

ஒரே மன்னன் ஒரே காலத்தில் எழுப்பியவற்றுள் கோயில் நிலைத்தது, அரண்மனை மண்ணானது. இதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, கட்டுமானப் பொருள். கோயில் கருங்கல்லால் ஆனது. செங்கல்லும் மரமும் மழையிலும் கறையானிலும் விரைவில் அழிபவை. ஆண்டுதோறும் ஓடு மாற்றிப் பேணுவோர் இல்லையெனில் அத்தகைய கட்டடம் சில பத்தாண்டுகளில் சரியும். சரிந்தபின் அதன் செங்கல் எளிதில் எடுத்துப் பயன்படுத்தத்தக்கதாகிறது.

இரண்டாவது, உரிமை. கோயிலுக்கு இறைவனே நிலையான உடைமையாளர். நிலமும் பொன்னும் நிவந்தமாக அளிக்கப்பட்டு, சந்திரசூரியர் உள்ளவரை நிற்க வேண்டும் எனக் கல்லில் வெட்டப்பட்டன. அரண்மனைக்கு அத்தகைய நிவந்தம் இல்லை. அரசமரபு முடிந்தவுடன் அதைப் பேணும் கடமை எவருக்கும் இல்லாமற்போனது.

மூன்றாவது, அரசியல். பகைவரின் அரண்மனையை அழிப்பது வெற்றியின் அடையாளமாகக் கருதப்பட்டது. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தி, தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டி மாடமும் மாளிகையும் மண்டபமும் இடித்ததைப் புகழாகக் கூறுகிறது. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குரிய மண்டபம் மட்டும் அவனால் விடப்பட்டது என்பதைத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் குறிக்கிறது. எதை இடிப்பது, எதை விடுவது என்பதில் மரபுரிமை உணர்வு அக்காலத்திலேயே செயற்பட்டமைக்கு இது அரிய சான்றாகும்.

கல்லால் ஆன கோயிலும் இழப்பிலிருந்து முற்றிலும் தப்பவில்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கோயிலின் சுற்றுமதிலும் பிற கட்டுமானங்களும் இடிக்கப்பட்டு அவற்றின் கற்கள் அணைக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஊர் மக்கள் இதைத் தடுக்க முயன்றதையும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கூறப்பட்ட உறுதிமொழி நிறைவேறாததையும் மேற்சொன்ன 1855ஆம் ஆண்டுத் தொகுப்பு பதிவு செய்துள்ளது. பயன்பாட்டுத் தேவையும் மரபுரிமையும் எதிரெதிர் நின்றபோது மரபுரிமை தோற்ற நிகழ்வு இது. அந்த அணையும் நன்மை தருவதே. பாசனத்திற்கு இன்றும் பயன்படுகிறது. இரண்டையும் ஒருங்கே காக்கும் வழிமுறை அன்று இல்லை என்பதே இதிலிருந்து பெறத்தக்க படிப்பினை.

சட்டப் பாதுகாப்பின் எல்லை

தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய ஊர்களின் கோயில்களும் இணைக்கப்பட்டு, அழியாத சோழர் பெருங்கோயில்கள் என்னும் பொதுப்பெயர் பெற்றன. பெயரே காட்டுவதுபோல் இத்தகுதி கோயிலுக்கு உரியது, தலைநகருக்கு உரியதன்று.

கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பகுதி. இரண்டும் சேர்ந்து 300 மீட்டர். மாளிகைமேடோ ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அது மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில், 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் வரம்பில் வருகிறது. ஏரியும் கால்வாய்களும் நீர்வளம் சார்ந்த நிருவாகத்தின் கீழ் வருகின்றன. மதிலும் தெருவும் புதைந்த நிலங்களில் பெரும்பகுதி தனியார் வயல்களும் மனைகளுமாக உள்ளது.

இவ்வாறு ஒரே தலைநகரின் உறுப்புகள் வெவ்வேறு அலுவலகங்களின் கோப்புகளில் பிரிந்து கிடக்கின்றன. தனித்தனியே ஒவ்வொன்றும் ஓரளவு காக்கப்படலாம். அவற்றை இணைக்கும் உறவு காக்கப்படுவதில்லை. 2025இல் தமிழ்நாடு அரசு சோழகங்கம் ஏரியைச் சீரமைக்கும் திட்டத்தை அறிவித்தது. இது வரவேற்கத்தக்க தொடக்கம். சீரமைப்பு, கொள்ளளவைப் பெருக்குதல் என்னும் அளவில் நின்றுவிடாமல், பழைய கரை, மதகு, வரத்துக் கால்வாய்த் தடம் ஆகியவற்றை முதலில் அளந்து பதிவு செய்வதாகவும் அமைதல் வேண்டும். தூர்வாரும் எந்திரம் ஒரே நாளில் அழிக்கக்கூடிய சான்றை எந்த அகழாய்வும் மீட்டுத் தர இயலாது.

சிகிரியாவும் ஹம்பியும் காட்டும் வழி

வரலாற்றுச் சோலைகளைக் காப்பதற்கான புளோரன்சு சாசனம் 1981இல் உருவாக்கப்பட்டது. வரலாற்றுச் சோலையை அது உயிருள்ள நினைவுச்சின்னம் எனக் கொள்கிறது. 1992இல் உலக மரபுரிமைக் குழு பண்பாட்டு நிலவமைவு என்னும் வகையை ஏற்றது. மனிதரும் இயற்கையும் இணைந்து உருவாக்கிய நிலப்பரப்பையே மரபுரிமையாகக் கருதும் நெறி இது.

இலங்கையின் சிகிரியா இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்பன் அமைத்த அவ்வரண்மனை பாறையின் உச்சியில் அடித்தளமாக மட்டுமே எஞ்சியுள்ளது. ஆயினும் பாறையின் மேற்குப் புறத்தே நீர்ச்சோலைகள், கற்பாறைச் சோலைகள், படிநிலைச் சோலைகள், அகழி, மதில் ஆகியவை அகழ்ந்து வெளிக்கொணரப்பட்டு ஒரே வளாகமாகக் காக்கப்படுகின்றன. 1982இல் அது உலக மரபுரிமைத் தகுதி பெற்றது. மழைக்காலத்தில் அங்குள்ள நீரூற்றுகள் இன்றும் இயங்குகின்றன. அரண்மனையின் சுவர் இல்லாவிடினும் அதன் நிலவமைவு வருவோருக்கு அரண்மனையை உணர்த்துகிறது.

விசயநகரத்தின் தலைநகராகிய ஹம்பி மற்றோர் எடுத்துக்காட்டு. அங்கும் அரச வளாகத்து மாளிகைகளின் மரத்தாலான மேற்பகுதி அழிந்து, கல் அடித்தளமே எஞ்சியுள்ளது. 1986இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஹம்பி, பாலம் கட்டும் பணிகள் காரணமாக 1999இல் இடருக்குள்ளான மரபுரிமைகளின் பட்டியலில் வைக்கப்பட்டு, 2006இல் அதிலிருந்து நீக்கப்பட்டது. இடையில் 2002இல் கருநாடக அரசு ஹம்பிக்கெனத் தனி மேலாண்மை ஆணையச் சட்டம் இயற்றியது. நினைவுச்சின்னங்களோடு ஊர்கள், வயல்கள், இன்றும் பாசனத்திற்குப் பயன்படும் விசயநகரக் கால்வாய்கள் ஆகியவையும் ஒரே திட்டப் பார்வைக்குள் வந்தன. உள்ளூர் மக்களின் வாழ்வும் பாதுகாப்பும் அங்கு அவ்வப்போது முரண்படுகின்றன என்பதும் மறுக்க இயலாதது. எனினும் முரண்பாட்டைப் பேசித் தீர்ப்பதற்கு ஒரு பொது அமைப்பு இருப்பது பெரும்பேறு.

பழுப்பு நிலக்கரிப் படுகையும் தலைநகர நிலவமைவும்

நெய்வேலிப் பகுதியில் 1930களில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே பிற்காலத்தில் பழுப்பு நிலக்கரி என அறியப்பட்டது. 1956இல் நிறுவனம் அமைந்து, 1957இல் சுரங்கப்பணி தொடங்கியது. திட்டமிட்ட நகரியமும் அனல்மின் நிலையங்களும் உருவாகித் தமிழ்நாட்டின் மின்தேவைக்குப் பெரும்பங்கு அளித்து வருகின்றன. இப்படுகை வெள்ளாற்றோடு முடிவதில்லை. தெற்கே செயங்கொண்டம் பகுதியிலும் பழுப்பு நிலக்கரி உள்ளது. அங்குச் சுரங்கமும் மின்நிலையமும் அமைக்க 1990களில் நிலம் கையகப்படுத்தப்பட்டு, பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2023இல் மத்திய அரசின் நிலக்கரித் தொகுதி ஏல அறிவிப்பில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகியவை இடம்பெற்று, எதிர்ப்புக்குப்பின் நீக்கப்பட்டன. அவ்விவாதம் பெரும்பாலும் வேளாண்மையைச் சார்ந்தே நிகழ்ந்தது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றப்பட்டபோது அரியலூர் மாவட்டம் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே கங்கைகொண்ட சோழபுரத்தைச் சூழ்ந்த நிலத்திற்கு அக்காப்பும் கிட்டவில்லை.

திறந்தவெளிச் சுரங்க முறையில் மேல்மண் முழுவதும் அகற்றப்படும். நிலத்தடி நீர் அழுத்தத்தைக் குறைக்க நீர் இறைக்கப்படும். ஓடைகளும் கால்வாய்களும் திருப்பிவிடப்படும். தொல்லியல் சான்றுகள் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து சில மீட்டர் ஆழத்திற்குள்ளேயே அமைகின்றன. நிலக்கரியோ அவற்றுக்கு மிகக் கீழே உள்ளது. கீழுள்ள பொருளை எடுக்கும் பணி, மேலுள்ள வரலாற்றை முதலில் நீக்குகிறது. இன்று அங்குச் சுரங்கம் இல்லை என்பது மரபுரிமை அளவீட்டை முடிப்பதற்குக் கிடைத்த கால இடைவெளி எனக் கொள்ளத்தக்கது. நெடுஞ்சாலை அகலப்படுத்துதல், மனைப்பிரிவு, செங்கல் சூளைக்கு மண் எடுத்தல் போன்ற சிறு மாற்றங்களும் இதே விளைவை மெல்ல மெல்ல ஏற்படுத்துவன. அவை செய்தியாவதில்லை என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

முடிவுரை

இவ்வாய்வின் வழி அறியலாகும் கருத்துகள் பின்வருமாறு:

1. தமிழ் மரபில் அரண்மனை என்பது மனை, மதில், நீர்நிலை, சோலை ஆகியவை இயைந்த அமைப்பாகும். கங்கைகொண்ட சோழபுரத்தின் கல்வெட்டுகளும் அகழாய்வும் இதை உறுதிப்படுத்துகின்றன.

2. அரண்மனை அழிந்தமைக்குக் கட்டுமானப் பொருள், நிவந்தமின்மை, அரசியல் பகை ஆகியவை காரணங்கள். கட்டடமாக நிற்பதை மட்டும் காக்கும் இன்றைய முறை, அன்று நிகழ்ந்த அழிவையே தகுதிக்குறைவாக எடுத்துக்கொள்கிறது.

3. மாளிகைமேடு, மதில் தடங்கள், பழைய தெருக்கள், சோழகங்கம், வரத்துக் கால்வாய்கள், ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றை ஒரே நிலப்படத்தில் பதிவு செய்வது முதற்பணி. வருவாய்த் துறையின் புலப்படங்களும் வான்வழிப் படங்களும் கல்வெட்டில் வரும் எல்லைப் பெயர்களும் இதற்கு உதவும். பல்கலைக்கழகத் தமிழ், வரலாறு, புவியியல் துறைகள் இணைந்து செய்யத்தக்க பணி இது.

4. அந்நிலப்படத்தின் அடிப்படையில் தொல்லியல், நீர்வளம், ஊரக வளர்ச்சி, நெடுஞ்சாலை, கனிம வளம் ஆகிய துறைகளை இணைக்கும் பொது மேலாண்மை அமைப்பு உருவாதல் வேண்டும். உழவர்களின் நில உரிமையைப் பறிக்காமல், ஆழமாகத் தோண்டும் பணிகளுக்கு மட்டும் முன்னாய்வைக் கட்டாயமாக்குவது நடைமுறைக்கு ஏற்றதாகும்.

கோயிலின் நிவந்தங்கள் கல்லில் எழுதப்பட்டதால் அதைப் பேணும் கடமை தலைமுறைகளைக் கடந்து நின்றது. அரண்மனைக்கும் ஏரிக்கும் அத்தகைய எழுத்துறுதியை அன்றைய அரசு விட்டுச் செல்லவில்லை. அதை எழுதித் தர வேண்டிய பொறுப்பு இன்றைய சட்டத்திற்கும் ஆய்வுலகிற்கும் உரியது.